சுடுதண்ணிக்கு ஒரு ஹீற்றர்

யாழ்ப்பாணத்தில் புதுவீடு கட்டுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த ஹீற்றர் என்பதைத்தான். ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பும் தம்பியின் கட்டளை அது. தம்பி வருவதோ நல்லூர்த் திருவிழாவுக்கு; 25 நாளும் வெயில் கொளுத்தும். மொட்டைமாடிக் கறுப்புத் தாங்கி மத்தியானத்துக்குள் தண்ணீரைச் சுடவைத்து, கைகழுவுபவரைத் துள்ளவைக்கும். அதற்கு மின்கட்டணமும் இல்லை.

கடைக்காரர் கேட்பார்: "எத்தனை லீற்றர் அண்ணை, 50ஆ 100ஆ?" கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். சூடு ஏற ஏற அந்தச் சுண்ணாம்பு படிந்து ஹீற்றர் சுருளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துவிடும். பிறகு மின்சாரம் சட்டையைச் சூடாக்கிவிட்டுத்தான் தண்ணீரிடம் வரும்.

28 பாகையில் உள்ள 50 லீற்றரை 45 பாகைக்கு ஏற்ற, ஏறக்குறைய ஓர் அலகு மின்சாரம் போதும். நமக்குக் குளிர்வதோ திருவெம்பாவைக் காலத்து விடியலில்தான். அதற்குச் சின்ன ஹீற்றரே அதிகம். வாங்கினால் எர்த் வயரைச் சரிபாருங்கள், படிந்த சுண்ணாம்பை அவ்வப்போது அகற்றுங்கள். மிச்சக் காசில் தாங்கிக்கு ஒரு நிழற்கூரை போடுங்கள். தம்பி குளிர்ந்த தண்ணீரில் குளிக்கட்டும்.