முந்தைய ஓனர்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டதைச் சேவல் வந்து சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டு ஷெட்டில் ஒரு ரிங் ஸ்பானர் சிமென்ட் தரையில் ‘ணங்’கென்று விழும். அதன் பின்னாலேயே, “எவன்டா இதை இப்படி மாட்டி வச்சது?” என்று ஒரு குரல் கேட்கும். பால்காரர் அதற்கப்புறம்தான் வருவார்.

குரலுக்கு உரியவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1968ஆம் வருடத்து ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். ‘ஓட்டுகிறார்’ என்று எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கோவையில் இவரைப் போல இன்னும் பலர் உண்டு. கோத்தகிரியில் இருக்கிறார்கள், போடியில் இருக்கிறார்கள், சென்னையில் மாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில்கூட தார்ப்பாய்க்கு அடியில் ஒருவர் இருப்பார். அடையாளம் காண்பது சுலபம். பத்து நகக்கண்ணிலும் கறுப்புப் பிறை. சர்க்கரையும் தேங்காயெண்ணெயும் போட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்று என்று சத்தியம் செய்வார்கள். கல்யாணப் பந்தியில் இவர்கள் ரசஞ்சாதம் பிசையும்போது எதிர் வரிசைக்காரர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

இவர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. “வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?” கேட்டால் இரண்டாம் உலகப் போரிலிருந்து தொடங்குவார்கள். அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் வில்லீஸ் கம்பெனி 1941இல் இதைச் செய்ய ஆரம்பித்தது, ஃபோர்டும் சேர்ந்துகொண்டு போர் முடிவதற்குள் இரண்டு பேருமாக 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள், 1945இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் கூட்டாக ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்று கம்பெனி வைத்தார்கள், பிரிவினையில் முகமது பாகிஸ்தான் போய் நிதியமைச்சராகி அப்புறம் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார், கம்பெனி 1948இல் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று என்று எல்லாம் வரும். பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கிய 1947க்குக் கதை வந்து சேர்வதற்குள் கேட்டவர் பஸ் ஏறியிருப்பார். பதினோரு வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறேன். மைலேஜ் இன்னும் எனக்குத் தெரியாது.

அவருடையது சிஜே-3பி. பானெட் உயரமாக, கழுத்துவரை பொத்தான் போட்ட ஹெட்மாஸ்டரைப் போல நிற்கும். உள்ளே இருக்கும் ‘ஹரிகேன்’ இன்ஜினில் ஒரு வால்வை மேலே வைத்ததால் இன்ஜின் உயர்ந்துவிட்டது. அதை மூட பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. ஸ்டீயரிங் இடது பக்கம். அதனால் முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்து “வாங்க, வாங்க… ஐயோ, வராதீங்க” என்று சொல்ல வேண்டும். சம்பளமில்லாத அந்தக் கண்டக்டர் வேலை என்னுடையது.

ஜீப்புக்காரர்களுக்குள் வடகலை, தென்கலை உண்டு. முகப்பில் செங்குத்தாக வெட்டியிருக்கும் துவாரங்கள்தான் நாமம். ஃபோர்டு அச்சில் அடித்த போர்க்கால முகப்பில் ஒன்பது. பொதுமக்களுக்கான சிஜேயில் ஏழு. ஏழு உள்ள வண்டிக்கு ஒன்பது வைத்தவனோடு பந்தியில் உட்கார மாட்டார்கள். ஒரு கட்சிக்கு நட்டும் போல்ட்டும் அசலாக இருக்க வேண்டும். மறு கட்சிக்கு அசலாக இருக்க வேண்டியது ஆர்சி புத்தகம் மட்டும்தான். பொலிரோவின் இன்ஜின், பவர் ஸ்டீயரிங், வேறு வண்டியின் டிஸ்க் பிரேக், எருமை உயரத்துக்கு டயர் எல்லாம் ஏறிவிடும். சட்டப்படி கம்பெனி சொன்ன அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று எதிர்வீட்டுக்காரர் தெருவுக்கே கேசரி கொடுத்தார். அவர் அசல் கட்சி. 2021இல் வந்த விதிகள் அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டன. 50 வயது தாண்டிய வண்டியை நம்பரில் ‘விஏ’ என்று போட்டு விண்டேஜாகப் பதிவு செய்யலாம், ஆனால் அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். “அன்றாடம் ஓட்டக் கூடாதாமே?” என்று வருத்தம் விசாரிக்கப் போனேன். மனிதர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மெக்கானிக் என்ற ஜாதியை அவர் சேர்ப்பதில்லை. “அவனுக்கு இது ஒரு வண்டிங்க. எனக்கு அப்படியா?” என்பார். கையேடு இருக்கிறது, ஸ்பானர் செட் இருக்கிறது, மீதி வீட்டில் கிடைக்கும். பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்த இட்லிச் சட்டியில் அப்புறம் இட்லி வேகவில்லை. ஒரு தடவை குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அம்மையார் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் உள்ளே தோசை மாவுக்கும் தயிருக்கும் மேலே, பனிப்பெட்டியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய வெண்கல புஷ்கள் நான்கு கிடந்தன. இரும்பு, வெண்கலம் எல்லாம் குளிரில் சுருங்கும்; ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் சுத்தியல் இல்லாமல் துவாரத்தில் இறங்கும். பாடம் சரிதான். பால் பாயசத்தில் கிரீஸ் வாசம் வந்தது பாடத்தில் இல்லாத பகுதி.

அவருடைய கண்டுபிடிப்புகளில் நான் மனதார மதிக்கிற ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம் இருக்க வேண்டும். அதை அளக்கும் தகடு எப்போதும்போலக் காணோம். பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டை உருவி இடுக்கில் விட்டார். கச்சிதம். உலகத்தில் எந்த வங்கியின் கார்டும் 0.76 மில்லிமீட்டர் கனம். அங்குலத்தில் அது 0.030தான். முப்பத்தைந்து வருட வங்கி அனுபவத்தில் இப்படிப் பயன்பட்ட வேறொன்றும் இல்லை என்றார். அந்தக் கார்டைக் கரியோடு ஏடிஎம்மில் செருகினார். மெஷின் அதைத் திருப்பித் தரவில்லை.

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு குற்றவாளி உண்டு. முந்தைய ஓனர். ஆர்சி புத்தகத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். கூடலூர் எஸ்டேட்காரர் ஒருவர், பொள்ளாச்சி மர வியாபாரி ஒருவர், இப்படி. ஆனால் அவர் வாயில் ஐந்து பேரும் ஒரே ஆள், அதுவும் ‘அவன்’. சோக் கேபிளுக்குப் பதில் சைக்கிள் பிரேக் ஒயர் போட்டவன் அவன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டி வைத்தவன் அவன். கீழடியில் குழி வெட்டுகிறவர்களின் பொறுமையோடு பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே போனார். மேலே மஞ்சள், அதன் கீழே நீலம், அதன் கீழே எஸ்டேட் பச்சை. “பாருங்க, அவனுக்கு ருசியே கிடையாது.”

வாங்கிய முதல் வருடம் இடது பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றப் போனார். நட்டு அசையவில்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி நீளமாக்கி, அதன் மேல் மச்சினன் மகனை ஏற்றி நிறுத்தினார். எண்பத்திரண்டு கிலோ. ‘டப்’ என்று ஸ்டட் முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. மூன்றாவது முறிந்தபோதுதான், பழைய ஜீப்களில் இடது சக்கரங்களின் மரை தலைகீழ் என்று கையேட்டில் படித்தார். சக்கரம் முன்னோக்கி உருளும்போது நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று அப்படி வைத்தார்களாம். கடிகார முள் போகும் பக்கமே திருப்பினால்தான் கழலும். அடையாளத்துக்கு ‘எல்’ என்று எழுத்துகூடப் பொறித்திருக்கிறது. ஆக, அரைமணி நேரமாக அவர்கள் கழற்றவில்லை, முடுக்கிக்கொண்டிருந்தார்கள். “ஒரு துண்டுச் சீட்டு எழுதி வச்சிருக்கலாமல்ல அவன்?” என்றார்.

போன சித்திரையில் குன்னூர் போகலாம் என்று கூப்பிட்டார். ஹேண்டில் போட்டுக் கிளப்பும் உரிமையை எனக்குக் கொடுத்தார். கட்டைவிரலை மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. இன்ஜின் திருப்பி உதைத்தால் விரல் நம்முடையதாக இருக்காது. இதை அவர் வலது கட்டைவிரலைக் காட்டிச் சொன்னார். அது கொஞ்சம் வடகிழக்காகப் பார்க்கும்.

பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டு விக்கல் விக்கி நின்றது. மனிதருக்கு அதில் துளி வருத்தமில்லை. கல்யாண வீட்டில் தன்னைப் பாடச் சொல்லிவிட்ட பாகவதரைப் போலச் சட்டைக்கையை மடித்தார். ரோட்டோரத்தில் துண்டை விரித்துக் கார்பரேட்டரைக் கழற்றினார். ஒவ்வொரு பாகத்தையும் என் உள்ளங்கையில் வைத்து விளக்கினார். மிளகளவு ஒரு இரும்புக் குண்டு இருந்தது. “இதுதாங்க உயிர்நாடி” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அது உருண்டு, தார்ரோட்டில் இரண்டு குதி குதித்து, மேட்டுப்பாளையம் திசையில் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது.

கீழேயிருந்து தேயிலை மூட்டை ஏற்றப் போகும் எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து நின்றது. இதே அச்சு, இதே வயது. பதினைந்து மூட்டை ஏறுகிற வண்டி. அதற்கு வரலாறு தெரியாது. டிரைவர் தம்பி இறங்கி பெட்ரோல் பம்பைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடுங்க சார். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைச்சிருச்சு. பம்பு மேல ஈரத்துணி போட்டுட்டு ஒரு டீ குடிச்சிருந்தா அதுவே எந்திரிச்சிருக்கும்.” பிறகு என் கையிலிருந்த பாகங்களைப் பார்த்தார். “இதை எதுக்குங்க சார் கழட்டினீங்க?”

அவர் ஜீப்பில் கயிறு கட்டி எங்களை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிட்டார். வழி முழுக்க எங்களவர், ஈரத்துணி போடாமலே ஓடுகிற மாதிரி பம்பை வேறு இடத்தில் பூட்டாத முந்தைய ஓனரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் கழற்றிய பெட்ரோல் பம்ப். பம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் எண்ணெய் கசியாமலிருக்க வைக்கிற கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து வெளியே வீசினார். எண்ணெயில் ஊறிப்போன அட்டைத் துண்டு.

“அட்டை! அட்டைய வெட்டி வச்சிருக்கானுங்க. எந்த மடையன் செஞ்ச வேலை இது? கசியாம என்ன பண்ணும்?”

காபி கொண்டு வந்த அம்மையார் குனிந்து அதை எடுத்தார். புடவைத் தலைப்பில் துடைத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏனுங்க.”

“என்ன?”

“இதுல ‘திருநிறைச்செல்வி’ன்னு போட்டிருக்குதுங்க. ஓரத்துல தங்கக் கலர்ல மாங்கா டிசைன். நம்ம பாப்பா கல்யாணப் பத்திரிகையாட்டல்ல இருக்குது?”

ஜீப்புக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. பாதங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஆலோசித்தன. வெகுநேரம் கழித்துத் தலை வெளியே வந்தது, நெற்றியில் எண்ணெய்ப் பொட்டோடு.

“எட்டு வருஷம் தாங்கியிருக்கு பாருங்க” என்றார் என்னிடம்.

எழுந்து கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு, தாம்பாளத்திலிருந்த பத்திரிகையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். பெயர், முகூர்த்தம், மண்டபம் எதையும் படிக்கவில்லை. ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.

“நல்ல கெட்டி அட்டைங்க. இதுல இன்னொண்ணு இருக்குமா?”