குமிழ்வில்லையியல்: ஸ்ரீவராகத்துக் குளியலறையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம் இல்லாத நூலைப் பண்டிதர் கையால் தொடமாட்டார் என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். நுதலிய பொருள்: ஷவருக்குக் கீழே ஒரு மூலையில் வைத்தால், நீர் தெறித்துச் சீறிக் கரைந்து, தைல வாசனையை வெந்நீர் ஆவியோடு மூக்குக்கு ஏற்றும் வில்லை, கடைக்காரர் இதை ஷவர் ஸ்டீமர் என்பர். வழி: மேல்நாட்டார் செய்த முதல்நூலுக்குச் சாலைக் கடைத்தெருச் சரக்கால் செய்த வழிநூல். எல்லை: திருவனந்தபுரத்து ஸ்ரீவராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும், அந்தக் குளத்துக் காற்று போகும் தூரமும். கேட்போர்: சளி பிடித்தவர். பயன்: மூக்கடைப்பு நீங்குதல், நீங்காவிடில் வாசனை.

இனி உறுப்புகள். ஆப்பசோடா இரண்டு பங்கு, எலுமிச்சை உப்பு ஒரு பங்கு, சோளமாவு அரைப் பங்கு. 'நூறு கிராம் எலுமிச்சை உப்பைத் தீர்க்க 131 கிராம் சோடா போதுமே, இருநூறு எதற்கு?' எனின், புளிப்பு மிஞ்சினால் பித்தவெடிப்புள்ள பாதம் அதை உடனே அறியும். சோடா மிஞ்சினால் அறியாது என்க. கலவையைப் பிடிக்கத் தண்ணீர் தெளிக்கலாகாது, தட்டிலேயே சீறிவிடும். ஸ்பிரிட்டைத் துளித்துளியாகத் தெளித்து, புட்டு மாவுப் பதம் வந்ததும் அச்சில் அழுத்துக. கொழுக்கட்டை அச்சு உத்தமம். ஆனால் பிறகு அதில் கொழுக்கட்டை செய்வது மத்திமம்கூட அல்ல.

30 கிராம் சோடாவும் 15 கிராம் எலுமிச்சை உப்பும் சேர்ந்த ஒரு வில்லை, ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயுவை வெளிவிடும். வாசனையை அறை முழுக்கத் தூக்குவது இதுதான் என்பாரும் உளர். அது பொருந்தாது. தூக்குவது பெரும்பாலும் வெந்நீரின் ஆவி; சீறல் குளிப்பவரின் மனத்திருப்திக்கு.

இந்த இடத்தில் எதிர்வீட்டு மாமி ஒரு தடை எழுப்பினார்: "ஏண்டா அம்பி, ஈனோவைக் குடிக்கறதை விட்டுட்டு மிதிச்சுண்டு நிக்கறே?" இத்துறையில் இதுவரை வந்த தடைகளில் இதுவே வலியது. ஈனோ பொட்டலத்தில் ஸ்வர்ஜிகக்ஷாரம், நிம்புகாம்லம் என்று வடமொழிப் பெயர் பூண்டிருப்பவை இதே சோடாவும் எலுமிச்சை உப்பும்தான். வேதியியலால் இரண்டும் ஒன்றே, வாயில் போவது ஈனோ, மூக்கில் போவது ஸ்டீமர் என்று விடை சொல்லப்பட்டது. மாமி ஏற்கவில்லை.

தைலத்துக்கு வருவோம். கேரளத்துக்குரியது புல் தைலம். வணிக உலகம் இதைக் கொச்சித் தைலம் என்றே அறியும். நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் சிட்ரால் உள்ள சரக்கு. பெரும்பாவூர்ப் பக்கம் ஓடக்காலியில் 1951இலேயே இந்தப் புல்லுக்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்து, 'சுகந்தி' என்றொரு வகையும் கண்டார்கள். அத்தனை பெருமையிருந்தும் இது வில்லைக்கு உதவாது. என்னை? இங்கே புல் தைலம் விட்டுத் தரை துடைப்பது வழக்கம். அந்த வாசனை வந்ததும் குளிப்பவர் தன்னையறியாமல் காலைத் தூக்கிக்கொள்கிறார். சோளமாவும் தைலமும் கலந்த ஈரத்தரையில் ஒற்றைக்காலில் நிற்பது சிகிச்சை ஆகாது.

யூகலிப்டஸ் தைலமோ, 1843இல் நீலகிரியில் நடப்பட்ட அயல்நாட்டு மரத்தின் சாறு. நம்மூர் மூக்குகள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டு வெகுகாலமாகிறது. ஆனாலும் என் ஓட்டு நாட்டுமருந்துக் கடையின் மூன்று உப்புகளுக்கே: புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம். தனித்தனியே மூன்றும் கெட்டி. சம அளவில் ஒரு சீசாவில் போட்டு மூடிவையுங்கள். நெருப்புமில்லை, நீருமில்லை, மூன்றும் ஒன்றையொன்று உருக்கித் தெளிந்த தைலமாக நிற்கும். ஒன்றோடொன்று சேர்ந்தால் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுவதே காரணம். ஒரு வில்லைக்குப் பத்துச் சொட்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு சொட்டும் கூடாது. கற்பூரமும் புதினா உப்பும் சிசுவின் மூச்சுக்கு ஆகாதவை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வேடிக்கையாகக் கொள்ள வேண்டாம்.

இப்போது சித்தாந்தம். எலுமிச்சை உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியும் குணமுடையது. திருவனந்தபுரத்துக் காலைப்பொழுது ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேயே விடிகிறது. போதாததற்கு மழைக்காலம் வேறு: இடவப்பாதி ஒருமுறை, துலாவர்ஷம் ஒருமுறை. ஜன்னலோரம் காயவைத்த வில்லை காய்வதில்லை. நள்ளிரவில் மெல்லப் பொருமி, விடியலில் நடுவில் வீங்கி, ஓரம் உதிர்ந்து, பாதி வாசனையைக் கூடத்துக்கே கொடுத்துவிட்டுக் கிடக்கும். ஆக, ஸ்ரீவராகத்தில் முதல் குளியல் வில்லைக்கே, மனிதனுக்கு மிச்சம்தான். செய்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடைப்பது ஒன்றே வழி. மாத்திரை சீசாக்களிலிருந்து அந்தப் பொட்டலங்களைச் சேர்த்துவைக்காத தாத்தா எந்த வீட்டிலும் இல்லை.

'அப்படியே காய்ந்தாலும் வைக்க இடம் எது?' என்பது அடுத்த கடா. குளத்தில் முங்குவோருக்கு ஆவி இல்லை. எண்ணெய், சோப்பு கூடாதென்று பலகை வைக்கும் கோயில் குளத்தில் வில்லைக்கு எந்த விதி என்று கேட்க எனக்குத் துணிவும் இல்லை. வாளியும் மக்குமாகக் குளிப்போரிடம் வில்லை முதல் மக்கிலேயே முழுகிப்போகும். எஞ்சியவர் கீஸர் உள்ள ஷவர்காரர். அவர்களும் இந்தப் புழுக்கத்தில் கீஸரைப் போடுவது ஜலதோஷம் வந்தால்தான். அப்போது மூக்கு அடைத்திருக்கும், வாசனை தெரியாது.

வீங்கிய வில்லைகள் வீணாகவில்லை. கேட்டு வாங்கிப் போன மாமி, அவற்றை ராத்திரி பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் துவாரத்தில் போட்டு வெந்நீர் ஊற்றியிருக்கிறார். அடைப்பு நீங்கியதற்கு வெந்நீர் காரணமா, மிஞ்சிய சோடா காரணமா என்பது ஆராயத்தக்கது. மாமிக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறையில்லை. மறுநாள் காலையில் மதில் மேலாகக் கேட்டார்: "அடுத்த ஈடு எப்போடா ஆகும்?"