பேரு இருக்கா, பாட்டா?

நாஞ்சில் நாட்டில் அரசியல் பேசத் தெரியாத டீக்கடை பெஞ்சு கிடையாது. 1967-ல் விருதுநகரில் தோற்ற காமராசரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நாகர்கோவில்தான். அந்தப் பெருமையை இன்றைக்கும் வடையோடு சேர்த்தே தருவார்கள்.

எதிரே பள்ளிக்கூடத்தில் வாக்காளர் சிறப்பு முகாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரான அங்கன்வாடி டீச்சர், படிவங்கள் பறக்காமலிருக்க மேலே தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு ஈ ஓட்டுகிறார்.

"மக்கா, உனக்குப் பதினெட்டு ஆயாச்சுல்லா? பேரு சேர்க்காண்டாமா?"

"அடுத்த வாரம் பாப்போம் டீச்சர்."

அடுத்த வாரம் முகாம் இருக்காது. ஆனால் கல்யாண ஃப்ளெக்ஸில் நண்பர்கள் வரிசையில் அவன் பெயர் போட்டோவோடு இருக்கிறது. அதில் ஓர் எழுத்து பிசகினால் அன்றைக்கே ரகளை.

செத்தவர் கதை இன்னும் விசேஷம். மூச்சு நின்ற சூட்டோடு முக்குக்கு முக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிடும். பெயரை நீக்கச் சொல்லிப் படிவம் 7 கொடுக்கத்தான் ஆளிருக்காது. பாட்டா வாக்காளர் பட்டியலில் சிரஞ்சீவி. வளைகுடாவில் இருக்கும் பேரனோ, படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்த்தாலும் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும்; விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பிலேயே ஆட்சியைக் கவிழ்க்கிறான்.

பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் பதினெட்டு வயதைக் கணக்கிடும் தகுதி நாட்கள். 17 வயது முடிந்ததுமே மனு கொடுத்து வைக்கலாம். சந்தேகமிருந்தால் டீக்கடையில் கேட்காதீர்கள், 1950-க்கு போன் போடுங்கள்.