ரூபவாஹினிக்கு ஒரு குழாய்

1980களில் தென் தமிழகக் கரையோர ஊர்களில் பல வீட்டு ஆன்டெனாக்கள் இலங்கையைப் பார்த்தே நின்றன. 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் அலைகள், 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியிலிருந்து பாஸ்போர்ட் இல்லாமலே கடல் தாண்டின.

அந்த அலைகளைப் பிடிக்க ஏற்றது 1926இல் ஜப்பானில் உருவான யாகி-உடா வகை ஆன்டெனா. பின்னால் நீளமான பிரதிபலிப்புக் கம்பி. அடுத்து வயர் இணையும் மடிப்புக் கம்பி, நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. முன்னால் குட்டைக் கம்பிகள். கடைக்காரரின் இயற்பியல் இன்னும் எளிது: கம்பி கூடினால் படம் கூடும், விலையும் கூடும்.

ஆன்டெனாவைத் தாங்கும் குழாயின் உயரத்தைத் தீர்மானிப்பது தொடுவானம் என்பது பாடநூல் கூற்று. நடைமுறையில் அது பக்கத்து வீட்டுக் குழாயைவிட ஒரு முழம் அதிகம்.

திசை பார்க்க மூவர் வேண்டும். மொட்டை மாடியில் திருப்புபவர், டிவி முன்னால் தாத்தா, படிக்கட்டில் செய்தி கடத்தும் பையன். "தெரியுதா?" "தெரியுது, நிறுத்து!" என்பது மேலே போய்ச் சேர்வதற்குள் குழாய் இன்னும் கால் சுற்று திரும்பியிருக்கும், "போச்சு!" மட்டும் உடனே கேட்கும்.

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரை ஆன்டெனாவின் அருகிலேயே பொருத்த வேண்டும். டிவி பக்கத்தில் வைத்தால், வயரில் சேர்ந்த இரைச்சலையும் பாரபட்சமின்றிப் பெருக்கித் தரும்.

கோடை இரவுகளில் கடல்மேல் படியும் வெப்பக் காற்றடுக்கு அலைகளைக் கீழே வளைப்பதால் படம் பளிச்சென்று வரும். பாராட்டு குழாயைத் திருப்பியவருக்கு. மறுநாள் மங்கினால் பழி, கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு.