எச்.ஆர். பேசுவாங்க

பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் போகிறவன் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருக்க வேண்டும். இந்த வேலையை ஏன் விடுகிறீர்கள்? நடுவில் ஏன் ஆறு மாசம் இடைவெளி? ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்? கேட்கிறவரே அந்த நாற்காலியில் தீபாவளி வரை இருப்பாரா என்பது சந்தேகம். நாம் மட்டும் கூசாமல், “இங்கேதான் சார்” என்றாக வேண்டும்.

சமீபத்தில் என்னைப் பேட்டி கண்ட தம்பியின் கையில் என் ரெஸ்யூமே பிரிண்டர் சூடு ஆறாமல் இருந்தது. “உங்களைப் பற்றிச் சொல்லுங்க” என்றார். அவர் இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று ரவுண்டும் முடிந்தது. “எச்.ஆர். பேசுவாங்க” என்றார்கள். பேசினார்கள். சம்பள ரசீது அனுப்புங்க, 90 நாள் நோட்டீஸைக் குறைக்க முடியுமா, உடனே சேருவீங்களா என்று போன் மேல் போன். பிறகு திடீரென்று சத்தமே இல்லை. நானே கூப்பிட்டேன்.

“பேனல்கிட்டேருந்து ஃபீட்பேக் வரலை சார்.”

பேனல்காரரை லிங்க்ட்இன்னில் பிடித்தேன்.

“எச்.ஆர். சொல்லலையா?”

கடைசியில் ஒரு மெயில் வந்தது. என் அனுபவம் அவர்களை மிகவும் கவர்ந்ததாம். ஆனாலும் வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். ஏன் என்று கேட்கலாமென்றால், பதில் போட முடியாத முகவரி.

1921-இல் தாமஸ் எடிசன், வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளை வைத்தார். கேள்விகள் பத்திரிகையில் வெளியாகிவிட்டன. பாஸ்டனுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் ஒன்றைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? புத்தகத்தில் இருப்பதையெல்லாம் மண்டையில் சுமப்பதில்லை என்றார். அதே 1921-க்கான இயற்பியல் நோபல் அவருக்குத்தான் போயிற்று. எடிசன் பரீட்சையில் மட்டும் கோட்டை விட்டார். ஆனாலும் கொடுத்து வைத்தவர். எந்தக் கேள்வியில் விட்டோம் என்றாவது தெரிந்தது!

அவ்வளவு தூரம் போவானேன், டெல்லியில் யு.பி.எஸ்.சி. இருக்கிறது. சிவில் சர்வீஸ் நேர்முகத் தேர்வுக்கு 275 மார்க். அதில் எத்தனை வாங்கினோம் என்பது தேறாதவருக்கும் தெரிந்துவிடும். கலெக்டராக முடியாதவருக்கே கணக்குக் காட்டுகிறார்கள். ஜாவா எழுத முடியாமல் போனவனுக்குக் காட்டினால் குடியா முழுகிவிடும்?

வயது ஜாஸ்தி, சம்பளம் கட்டாது, எம்.டி.யின் மச்சான் பையன் வந்துவிட்டான்... எதுவானாலும் சொல்லிவிடுங்கள். கடைசிக் காரணமென்றால் துளியும் வருத்தமில்லை. அடுத்த தடவை அந்தப் பையனிடமே ரெஃபரல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.