சீட்டைத் திருப்புதல்: சிட்னிவாசியின் இலக்கணம் குறித்து ஓர் ஆய்வு

ஒருவர் சிட்னிக்காரர்தானா என்பதைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவுகட்ட முடியாது. ஓப்பரா ஹவுஸ் முன்னால் நின்று எடுத்த படம் சான்றாகாது, அது எதிர்ச்சான்று. இக்கட்டுரையாளரின் கருதுகோள் ஒன்றே: ரயிலில் ஏறியதும் சீட்டின் முதுகை எதிர்ப்பக்கம் தள்ளத் தெரிந்தவரே உள்ளூர்க்காரர்.

சிட்னியின் மாடி ரயில்களில், 2011 முதல் ஓடும் வாரட்டா வண்டிகளிலும், பெரும்பாலான சீட்டுகளின் சாய்மானம் இருபுறமும் புரளும். போகிற திசையைப் பார்த்து உட்காரலாம். நாலு பேராக வந்தால் எதிரெதிரே உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். தேர்ந்தவர் ஒரு கையில் காபியோடு, மறுகையால் 'டக்'கென்று தள்ளிவிட்டு, அதே வேகத்தில் அமர்வார். ஒரு சொட்டு சிந்தாது. இரண்டு கையாலும் இழுப்பவர் நேற்று வந்திறங்கியவர். (2019-இல் வந்த மெட்ரோவில் சீட்டுகள் அசையா. எனவே மெட்ரோ ஆய்வெல்லைக்கு வெளியே.)

மதுரையிலிருந்து வந்த சித்தியை ஹோம்புஷில் ரயிலேற்றிக் களஆய்வு தொடங்கினேன். பக்கத்துச் சீட்டை ஒருவர் தள்ளியதும் சித்தி பதறினார்: "ஏப்பா, உடைச்சுட்டானா? நம்மளையும் சேர்த்துத் தண்டம் கேப்பாங்களா?"

இரண்டாம் சோதனைக்கூடம் சர்குலர் கீ. ஆங்கிலப் பெயரை (Quay) எழுத்துக்கூட்டிக் 'க்வே' என்பவர் அந்த இடத்திலேயே தேர்வில் தோற்றார். 1956-இல் திறந்த இந்த உயர்மேடை நிலையத்தில் வண்டி நின்றால் இடப்பக்கம் பாலம், வலப்பக்கம் ஓப்பரா ஹவுஸ், நடுவே படகுத்துறை. உலகம் விமானம் ஏறி வந்து பார்க்கும் காட்சி, ரயில் கட்டணத்திலேயே கிடைக்கிறது. சித்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். எதிரே இருந்த சிட்னிக்காரர் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பார்க்காமலிருப்பதும் ஒரு பயிற்சிதான். எனக்கு அது கைவர நாலு வருஷம் ஆனது.

இனிப் புறநடை. சிட்னியில் பெற்ற பட்டம் மெல்பனில் செல்லாது. அங்கே நகர நடுவே 2015 முதல் டிராம் இலவசம். விஷயம் தெரிந்தவர் பயணக் கார்டை எடுக்கமாட்டார். நான் யோக்கியனாக ஏறியதும் கார்டைக் கருவியில் காட்டினேன், காசு போனது. பக்கத்திலிருந்த பாட்டியம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. காரோட்டியபோது அதைவிடக் கேவலம். சில சந்திப்புகளில் வலப்புறம் திரும்ப, முதலில் இடது ஓரம் ஒதுங்கி, சிக்னல் மாறும்வரை காத்திருந்து, பிறகு சாலை முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். நடுவில் ஓடும் டிராமுக்கு வழிவிடும் ஏற்பாடு. நான் வலது ஓரத்தில், டிராமை அடைத்துக்கொண்டு நின்றேன். டிராம் மணி அடித்த விதத்தை எழுத இலக்கணத்தில் இடமில்லை.

மூன்று வாரம் கழித்து, சித்தி ஊருக்குத் திரும்பும் முன்தினம், அதே ரயில். நான் பையை வைக்க இடம் தேடுவதற்குள் அவர் ஒற்றைக் கையால் சீட்டைத் தள்ளி உட்கார்ந்துவிட்டார். கீ வந்தது. மதுரையில் இருக்கும் மருமகளோடு வீடியோ காலில் மாவு புளித்ததா இல்லையா என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஓப்பரா ஹவுஸ் அவர் முதுகுக்குப் பின்னால்.

"சித்தி, கடைசித் தடவை, பாத்துக்கங்க" என்றேன்.

"அதுதான் அன்னைக்கே பாத்தாச்சே" என்றார், திரும்பாமல்.