ஐந்து நட்சத்திர அமாவாசை

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. இது திருச்சியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இணையத்தில் கடை விரித்திருப்பவனுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ, கல்யாண போட்டோகிராபர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதம் பார்த்து, கேமரா தலையில் மாட்டும் பிளாஷுக்குத் தள்ளுபடி கொட்டுகிறது. கோடு போட்டு அடித்த விலை ரூ.7,999, நமக்கு மட்டும் ரூ.2,199. திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம். ஆடிப் பதினெட்டில் பெட்டி வீட்டுக்கு வந்தால் ஆடி இருபத்தைந்தோடு அவகாசம் காலி. அந்த பிளாஷ் முதன்முதலாக வேலைக்குப் போவதோ ஆவணி முதல் முகூர்த்தத்தில். பஞ்சாங்கத்தை இவ்வளவு துல்லியமாகப் படித்த வியாபாரியைச் சீரங்கத்து ஜோசியர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஸ்ரீரங்கத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் ஒன்று வாங்கினார். வந்த அன்றே வீட்டுச் சுவரைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு முறை அடித்துப் பார்த்தார். பளிச் பளிச்சென்று அடித்தது. பெட்டிக்குள் ஒரு வழவழப்பான அட்டை: ஐந்து நட்சத்திரம் போட்டு அதைப் படம் பிடித்து அனுப்பினால் நூறு ரூபாய் கூப்பன். தம்பி யோக்கியர், அனுப்பவில்லை. நூறு ரூபாய் நஷ்டம் அங்கேயே தொடங்கியது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முக்கொம்பில் அவுட்டோர் ஷூட். கரூர் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் போனால் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். பூங்கா, மதகு, வறுத்த மீன் வாசம், நிழலுக்கு மரம். சாயங்கால வெயிலில் ஆற்றைப் பின்னால் வைத்து ஜோடியை நிறுத்தினால் தண்ணீர் தங்கமாக மின்னும், முகம் இருண்டுவிடும். அந்த முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கத்தான் பிளாஷ். முதல் மூன்று படம் வந்தது. நாலாவதற்கு அது தூங்கிவிட்டது. தட்டி எழுப்பினால், சொன்ன அளவைக் காதில் வாங்காமல் இருக்கிற பலம் மொத்தத்தையும் ஒரே அடியில் கொட்டியது. மணப்பெண் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராயிற்று. மாப்பிள்ளை பெருந்தன்மையாக, "பரவாயில்லண்ணா, எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார். முகமே இல்லாத இடத்தில் எடிட்டிங்கில் எதைப் பார்ப்பது?

கல்யாணத்தன்று கெட்டிமேளம் கொட்டியது. ஓமப் புகை, அட்சதை மழை, குறுக்கே நீளும் நாற்பது செல்போன் கைகள். முதல் முடிச்சில் ஒரு வெட்டு. இரண்டாம் முடிச்சில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது, வெளிச்சம் வரவில்லை. மூன்றாம் முடிச்சுக்குள் சிவப்பு விளக்கும் அணைந்தது. நாத்தனார் போட வேண்டிய முடிச்சு ஆல்பத்தில் இருக்கிறது. யாருடைய கை என்று அடையாளம் காணத்தான் வழியில்லை. இன்னொரு தடவை கட்டுங்கள் என்று கேட்கவா முடியும்?

பிளாஷுக்குள் இருப்பது ஒன்றும் தேவ ரகசியம் இல்லை. உள்ளே ஒரு பருத்த கெபாசிட்டர். நாலு பென்சில் செல்லின் அற்ப மின்சாரத்தை முந்நூறு வோல்ட் அளவுக்கு ஏற்றி அதில் தேக்கி வைக்கிறார்கள். ஷட்டர் திறக்கும் நொடியில் செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள் அதைத் திறந்துவிட்டால் வெளிச்சம். மறுபடி நிரம்பும்போது 'கீ…' என்று மெல்லிய ஓசை வரும். தொழில் தெரிந்தவர்கள் அந்த ஓசையைக் கேட்டே அடுத்த படத்துக்கு விரலை வைப்பார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஹரால்ட் எட்ஜர்டன் 1930களிலேயே இதைக் கைவசப்படுத்திவிட்டார். 1944 ஜூனில், நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முந்தைய இரவு, அவருடைய ராட்சத பிளாஷை விமானத்தில் ஏற்றி, கீழே இருட்டில் கிடந்த ஊர்களைப் படம் பிடித்தார்கள். எண்பது வருஷம் கழித்து, ஆறடி தூரத்தில் கல்யாண மண்டபத்து டியூப் லைட்டுக்குக் கீழே நிற்கும் பெண்ணுக்கு வெளிச்சம் அடிக்க முடியாத பிளாஷைச் செய்து காட்டியிருக்கிறார்கள். விஞ்ஞானம் பின்னோக்கியும் வளரும் போலிருக்கிறது.

கெபாசிட்டரில் காசு மிச்சம், குழாயில் காசு மிச்சம், சூட்டைத் தாங்கும் சர்க்யூட்டில் காசு மிச்சம், கேமராவில் செருகும் கால் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக். மிச்சம் பிடிக்காத ஒரே இடம் விளம்பரப் பக்கம். கைடு நம்பர் 58 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த எண்ணைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸில் வைக்க வேண்டிய அப்பர்ச்சர் வரும். எண் பெரிதானால் பலம் பெரிது. அது பிளாஷ் தலையை 105 மில்லிமீட்டர் ஜூமுக்கு ஒடுக்கி வைத்தால் கிடைக்கும் எண் என்பது எறும்பு எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மண்டபத்தில் சொந்தபந்தம் முழுவதையும் பிடிக்க 35க்கு விரித்தால் அந்த எண் மளமளவென்று இறங்கிவிடும். மேலே வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட் பாக்ஸை மாட்டிவிட்டால் மிச்சம் இருப்பதைக் கணக்குப் பார்க்காமல் இருப்பதே மனசுக்கு நல்லது.

சரி, வாங்குமுன் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கக் கூடாதா என்பீர்கள். தம்பி படித்தார். "சூப்பர் பிராடக்ட், டெலிவரி பையன் மரியாதையாகப் பேசினான்": ஐந்து நட்சத்திரம். "இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை, பெட்டி நன்றாக இருக்கிறது": ஐந்து நட்சத்திரம். "என் மாடல் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது": ஐந்து நட்சத்திரம். கடைசியாகச் சொன்னவர் போன் உறையைப் பற்றி எழுதியவர். பழைய சரக்கின் நற்சான்றை அப்படியே புதுச் சரக்கின் பக்கத்தில் ஒட்டவைப்பது இந்தத் தொழிலின் சாதாரண வித்தை. பொய் மதிப்புரைகளை அடக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநிலையே வெளியிட்டது. வெளியிட்டபோது அது கட்டாயம் இல்லை, அவரவர் விருப்பம். திருடுவதில்லை என்ற விரதத்தைத் திருடனின் விருப்பத்துக்கே விட்ட தேசம் இது.

அடுத்து, முறையீடு. செயலியைத் திறந்தால் ஒரு பொம்மை வணக்கம் சொல்லி, பிரச்சினை எது என்று பட்டியல் நீட்டியது. பொருள் வரவில்லை, வேறு பொருள் வந்தது, நிறம் பிடிக்கவில்லை. தாலி கட்டும்போது எரியவில்லை என்பதற்குப் பொத்தான் இல்லை. ஒருவழியாக மனிதர் ஒருவர் வந்தார். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம் சார். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. தவிர நாங்கள் வெறும் சந்தை, விற்றவரைக் கேளுங்கள்." விற்றவருக்கு டெல்லிப் பக்கம் ஒரு கிடங்கு முகவரி. அவர் கம்பெனியைக் கேட்கச் சொன்னார். கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கைகாட்டியது. கூரியர் செலவு நம்முடையது. சர்வீஸ் சென்டர் பிளாஷைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலில் மயிரிழை விரிசல் இருக்கிறது, ஆகவே இது வாடிக்கையாளர் செய்த சேதம், உத்தரவாதம் செல்லாது என்று தீர்ப்பெழுதியது. பிளாஸ்டிக்கில் கால் வைத்தவன் குற்றவாளி இல்லை. அந்தக் காலை கேமராவில் செருகியவன் குற்றவாளி.

'வெறும் சந்தை' என்பது லேசுப்பட்ட வாக்கியம் இல்லை. அந்நிய முதலீட்டில் நடக்கும் இணையக் கடைகள் தாங்களே சரக்கு வைத்து விற்கக் கூடாது, பிறர் விற்க இடம் மட்டும் தரலாம் என்பது இந்திய விதி. ஊர்ச் சின்னக் கடைக்காரரைக் காப்பாற்றப் போட்ட விதி அது. காப்பாற்றியதோ வேறு யாரையோ. பக்கத்தின் தலையில் அவர்கள் பெயர், சரக்கின் மேல் அவர்கள் நம்பிக்கை முத்திரை, பெட்டியில் அவர்கள் டேப், பணம் போவது அவர்கள் கணக்கு வழியாக. கெட்டுப்போனால் மட்டும் திண்ணையை வாடகைக்கு விட்ட அப்பாவி. மெயின்கார்டு கேட் பக்கத்துக் கேமரா கடைக்காரரிடம் இதே பிளாஷை ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கியிருந்தால், கல்யாண மண்டபத்திலிருந்து நேராகப் போய் அவர் மேஜையில் 'டொக்'கென்று வைத்திருக்கலாம். அவர் சலித்துக்கொள்வார், முனகுவார், டீ வாங்கித் தருவார், மாற்றியும் தருவார். மாற்றாவிட்டால் மறுநாள் ஊருக்கே தெரியும் என்ற பயம் அவருக்கு உண்டு. பயமே இல்லாத கடையைக் கட்டியதுதான் இந்த நூற்றாண்டின் வியாபார சாதனை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு. ஒப்புகை 48 நொடியில் வந்துவிடுகிறது, அதில் குறையே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தம்பி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. தீர்ப்புக்குச் சட்டப் புத்தகத்தில் மூன்று மாதம், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம். வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து முதலில் என்ன சொல்வார் என்று எந்த வக்கீலையும் கேட்டுப் பாருங்கள்: இவர் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர், நுகர்வோரே அல்ல. சுயதொழிலில் வயிறு கழுவுகிறவர் பிழைப்புக்காக வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. ஆனாலும் தம்பி, தான் ஏழைதான் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். பிளாஷ் எரியவில்லை என்பது அப்புறம்.

ஜெயித்தவர்கள் கதையும் உண்டு. தரக் கட்டுப்பாட்டு ஆணையை மீறிய 2,265 பிரஷர் குக்கர்கள் அமேசான் தளத்தில் விற்றதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் அந்த நிறுவனத்துக்கு அபராதம் போட்டது. குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் சொன்னது. அந்த விற்பனையில் அமேசானுக்குக் கட்டணமாகக் கிடைத்தது ரூ.6,14,825 என்று உத்தரவிலேயே இருக்கிறது. அபராதம் ரூ.1 லட்சம். வெடித்தால் அடுக்களைச் சுவரைப் பெயர்க்கும் சரக்குக்கு லட்சம் ரூபாய் என்றால், வெளிச்சம் வராத சரக்குக்கு என்ன போடுவார்கள்? 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் அதே நிறுவனத்தின் கிடங்கில் தர நிர்ணய அமைவனத்தார் நுழைந்து, முத்திரை இல்லாத பிளாஸ்க், தண்ணீர் பாட்டில், மின்விசிறி, பொம்மை என்று 3,376 பொருள்களைப் பிடித்தார்கள். மதிப்பு சுமார் ரூ.36 லட்சம். சரக்கே வைத்துக்கொள்ளாத 'வெறும் சந்தை'யின் கிடங்கில் இவ்வளவும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று அந்த மின்விசிறிகளைத்தான் கேட்க வேண்டும்.

பொறுப்பைத் தட்டிக் கழிப்பதை அவர்கள் நம்மிடம்தான் கற்றுக்கொண்டார்களோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. தம்பியின் பிளாஷ் தூங்கிய இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய மேலணை. உத்தரவாத அட்டை கிடையாது, நட்சத்திரம் கிடையாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தோடு போயின. விவசாயிகள் மணல் அள்ளியதைச் சொன்னார்கள். அரசுத் தரப்பு அணையின் வயதைச் சொன்னது. ஆற்றுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டதற்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டவர்களுக்குப் புது அணைக்கான மதிப்பீட்டுத் தொகை பதிலாக வந்தது. ஆனாலும் நூற்றெண்பது வருஷம் வெள்ளத்தைத் தாங்கிய அணைக்கு வயதைக் காரணம் சொன்னால் ஒரு நாணயம் இருக்கிறது. ஆடியில் பிறந்து ஆவணியில் செத்த பிளாஷுக்கு எந்த வயதைச் சொல்வது?

மலிவுச் சரக்கு வாங்கினால் இப்படித்தான் என்று உதடு பிதுக்கும் மேதைகளுக்கும் ஒரு வார்த்தை. மண்டபத்து வாசலில் ஒரு நாள் நிற்கும் பூ வளைவுக்கு ஒரு லட்சம், வந்தவர்கள் பாதியில் எழுந்து போகும் விருந்தில் இருபத்தாறு வகை. போட்டோக்காரரிடம் வந்ததும்தான் குடும்பத்தின் சிக்கன புத்தி விழித்துக்கொள்ளும். "ஏம்ப்பா, ரெண்டு நாள் வேலைக்கு இவ்வளவா? டிரோனையும் சேத்துக்க, முக்கொம்பு ஷூட்டையும் சேத்துக்க, முப்பதாயிரமா முடிச்சுக்க." அந்த முப்பதாயிரத்தில் உதவிக்கு வந்த பையன், வீடியோக்காரர், டிரோன் வாடகை, ஆல்பம் பிரிண்டிங் எல்லாம் போக நிற்பதில் இருபதாயிரம் ரூபாய் பிளாஷ் வாங்க முடியுமா? கேமரா கம்பெனியின் சொந்த பிளாஷை அவர் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார்.

ஆல்பம் கொடுக்கும் அன்று பெண்ணின் அப்பா மூன்றாம் முடிச்சுப் படத்தில் நாத்தனாரைத் தேடினார். இல்லை. தம்பி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கெபாசிட்டர் கதை அவர் வாயில் வரவில்லை. வாங்கிய அட்வான்ஸில் பத்தாயிரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். டிக்கெட் எண் கேட்கவில்லை, பில் நகல் கேட்கவில்லை, ஏழு வேலை நாள் ஆகும் என்றும் சொல்லவில்லை. ஷென்ஜென் தொழிற்சாலையிலிருந்து ஸ்ரீரங்கம் வரை இந்தச் சரக்கைத் தொட்ட அத்தனை கைகளிலும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு கைதான். பெண்ணின் அப்பா நோட்டுகளை எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். எண்ணிவிட்டு, "முக்கொம்பு படமும் சரியில்லையேப்பா" என்றார்.